வருமான வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு மக்களிடம் வாங்கும் வருமான வரியை ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் அங்கே எப்போதும் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரி என்பதுதான் நெடுங்காலமாக அவர்கள் காட்டிய மாற்று. 2024 தேர்தல் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இறக்குமதிப் பொருட்களின் மேல் சுங்கவரி. 2025 ஏப்ரலில் டொனால்ட் டிரம்ப், சுங்கவரிப் பணம் வரத் தொடங்கியதும் பலருடைய வருமான வரி வெகுவாகக் குறையும், ஒருவேளை இல்லாமலே போகும் என்று எழுதினார். ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்களை மனதில் வைத்து அவர் சொன்னது அது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருமான வரி மேல் யாருக்கும் பாசம் கிடையாது. ஆனால் இந்த விவாதத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகும் வரியின் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். உள்ளே வரப்போகும் வரியை மட்டும் அதன் விளம்பரத்தை வைத்தே நம்பிவிடுவார்கள். அதனால் உள்ளே வரப்போவதையே முதலில் பார்ப்போம். தேவையான பணம் அதில் வருமா, அதை வசூலிக்க முடியுமா, யார் தலையில் விழும்?

தொகை தெரியாமல் இதைப் பேச முடியாது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசின் மொத்த வருவாய் சுமார் 4.9 லட்சம் கோடி டாலர். அதில் தனிநபர் வருமான வரி மட்டும் 2.4 லட்சம் கோடி. சமூகப் பாதுகாப்பு என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்திலிருந்து போகும் வரி 1.7 லட்சம் கோடி. நிறுவனங்கள் கட்டியது சுமார் 53,000 கோடி. சுங்கவரி? 7,700 கோடி. இதெல்லாம் சேர்ந்தும் அந்த ஆண்டு 1.8 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை. ஆக, நிரப்ப வேண்டிய பள்ளம் 2.4 லட்சம் கோடி டாலர்.

சுங்கவரி

அமெரிக்கா ஓர் ஆண்டில் இறக்குமதி செய்யும் பொருட்களின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். அதிலிருந்து 2.4 லட்சம் கோடி எடுக்க வேண்டுமென்றால் எல்லாப் பொருளின் மேலும் 70 சதவீதத்துக்கு மேல் வரி போட வேண்டும். அதுவும் விலை ஏறிய பிறகும் ஒருவர்கூட வாங்குவதைக் குறைக்காமல் இருந்தால். அது நடக்காது. வரி ஏற ஏற இறக்குமதி சுருங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு விகிதத்தைக் கூட்டினால் வசூலே குறையும். பொருளாதார அறிஞர்கள் கிம்பர்லி கிளாசிங், மாரிஸ் ஆப்ஸ்ட்ஃபெல்ட் இருவரும் 2024இல் இதைக் கணக்கிட்டார்கள். சுமார் 50 சதவீத வரியில் வசூல் உச்சத்தைத் தொடும் என்பதும், அந்த உச்சமே 78,000 கோடி டாலர் அளவில்தான் இருக்கும் என்பதும் அவர்கள் கண்ட விடை. பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும்.

2025இல் சுங்கவரி நிஜமாகவே ஏற்றப்பட்டது. அந்த நிதியாண்டில் வசூல் சுமார் 19,500 கோடி டாலராக உயர்ந்தது. முந்தைய ஆண்டைவிட இரண்டரை மடங்கு. சின்னத் தொகை இல்லை. ஆனாலும் வருமான வரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பணம் போதாது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சுங்கவரியும் ஒரு நுகர்வு வரிதான், ஆனால் பாதி கசிந்துபோகும் நுகர்வு வரி. வெளிநாட்டுச் சலவை இயந்திரம் 500 டாலர், உள்நாட்டு இயந்திரமும் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதச் சுங்கவரி வந்ததும் வெளிநாட்டு இயந்திரம் 600 ஆகிறது. போட்டி தளர்ந்ததும் உள்நாட்டுக்காரர் தன் விலையை 580 ஆக்குகிறார். முதல் இயந்திரத்தை வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் 100 டாலர் அரசுக்குப் போகிறது. இரண்டாவதை வாங்குபவர் கொடுக்கும் 80 டாலர் தொழிற்சாலை முதலாளிக்குப் போகிறது. வாங்குகிறவர் கையிலிருந்து இரண்டு முறையும் பணம் போகிறது. கஜானாவுக்கு ஒரு முறைதான் வருகிறது.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்தில் நடந்தது இன்னும் மோசம். 2018இல் அமெரிக்கா இறக்குமதிச் சலவை இயந்திரங்களுக்குச் சுங்கவரி விதித்தபோது அவற்றின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரங்களின் விலையும் ஏறியது, இரண்டையும் ஜோடியாக விற்பதுதான் அங்கே வழக்கம். பின்னர் ஆராய்ந்தவர்களின் மதிப்பீட்டின்படி, வாங்கியவர்களுக்கு ஆண்டுக்கு ஆன கூடுதல் செலவு சுமார் 150 கோடி டாலர். அரசுக்குச் சுங்கவரியாகக் கிடைத்தது 8.2 கோடி. சுமார் 1,800 வேலைகள் உருவாயின என்பதும் உண்மை. ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், சுங்கவரியிடம் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் எதிர்பார்க்கிறார்கள். தொழிற்சாலைகளை நாட்டுக்குத் திரும்ப அழைத்து வர வேண்டும். அழைத்து வந்துவிட்டால் இறக்குமதி குறைந்து வசூலும் குறையும். பிற நாடுகளோடு பேரம் பேச உதவ வேண்டும்; பேரம் படிந்தால் வரியைக் குறைத்தாக வேண்டும். கூடவே கஜானாவையும் நிரப்ப வேண்டும். முதல் இரண்டில் ஜெயித்தால் மூன்றாவதில் தோற்கத்தான் வேண்டும். சீனப் பொருட்களுக்கான புதிய வரி 2025 ஏப்ரலில் 145 சதவீதம் வரை போய், மே மாதத்திலேயே 30 சதவீதத்துக்கு இறங்கியது. பேரத்துக்கு அது உதவியிருக்கலாம். ஓய்வூதியமும் ராணுவச் சம்பளமும் கொடுக்க வேண்டிய ஓர் அரசு, ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் விகிதத்தை நம்பி பட்ஜெட் போட முடியாது. எதிர்நாடுகள் பதிலுக்கு வரி போடும்போது வரும் செலவும் உண்டு. 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் சீனாவின் பதிலடியால் அடிபட்ட விவசாயிகளுக்கு அமெரிக்க அரசு அறிவித்த நிவாரணம் 2,800 கோடி டாலர்.

"அந்தக் காலத்தில் அமெரிக்கா சுங்கவரியில்தானே ஓடியது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கூட்டாட்சி அரசின் முதன்மை வருவாய் அதுதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, மிச்சத்தில் பெரும்பங்கு மது, புகையிலை வரி. ஆனால் அன்றைய கூட்டாட்சி அரசு, போர்க்காலம் தவிர, நாட்டின் உற்பத்தியில் 2, 3 சதவீதம் அளவுதான் செலவழித்தது. இன்று 23 சதவீதம். சமூகப் பாதுகாப்பு இல்லாத, மெடிகேர் இல்லாத, பெரிய நிலைப்படை இல்லாத அரசுக்கு அந்த வரி போதுமானதாக இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருமான வரியைக் கேட்டு வாங்கியவர்களே சுங்கவரியால் நொந்துபோனவர்கள்தான். தெற்கிலும் மேற்கிலும் இருந்த விவசாயிகள், தாங்கள் வாங்கும் கருவிக்கும் துணிக்கும் வடகிழக்குத் தொழிற்சாலைகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்று பல பத்தாண்டுகள் குமுறினார்கள். 1894இல் காங்கிரஸ் கொண்டுவந்த 2 சதவீத வருமான வரியை உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்தது. அதனால்தான் அரசியலமைப்பில் 16ஆவது திருத்தம் தேவைப்பட்டது. 1913இல் சுங்கவரியைக் குறைத்ததும் வருமான வரியைக் கொண்டுவந்ததும் ஒரே சட்டம். அன்று அதன் விகிதம் 1 முதல் 7 சதவீதம் வரை. மிகச் சிலரே கட்டினார்கள். மாதச் சம்பளக்காரர் எல்லோரையும் தொடும் வரியாக அது மாறியது இரண்டாம் உலகப் போரில். சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் முறை 1943இல் வந்தது.

தேசிய விற்பனை வரி

ஃபேர்டாக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் காங்கிரஸில் 1999 முதல் திரும்பத் திரும்ப வைக்கப்படும் மசோதா, சுங்கவரி யோசனையைவிட எவ்வளவோ நேர்மையானது. தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, சம்பள வரி, வாரிசு வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசி வாங்குபவரிடம் ஒரே விற்பனை வரி. ஏழைகள் அடிபடாமல் இருக்க, வறுமைக் கோட்டளவு செலவுக்கு ஆகும் வரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதா மாதம் முன்கூட்டியே அரசு அனுப்பிவிடும். வரித்துறையையே மூடிவிடலாம் என்கிறார்கள்.

விகிதம் 23 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். 100 டாலர் பொருளுக்கு 30 டாலர் வரி சேர்த்து 130 வாங்குகிறார்கள். அந்த 30, 130இல் 23 சதவீதம். கடையில் நாம் கணக்கிடும் வழக்கப்படி அது 30 சதவீத வரி. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வருமான வரி விகிதத்தையும் இதேபோல்தான் முழுத்தொகையின் மேல் கணக்கிடுகிறார்கள். ஆனால் 23 என்று கேட்டு வாக்களித்தவர் பில்லில் 30ஐப் பார்க்கும்போது இந்த விளக்கத்தைக் கேட்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

30ஆவது போதுமா? 2005இல் ஜார்ஜ் புஷ் அமைத்த வரிச் சீர்திருத்த ஆலோசனைக் குழு இதை ஆராய்ந்தது. வருமான வரிகளை மட்டும் ஈடுகட்டவே குறைந்தது 34 சதவீதம் வேண்டும், ஏய்ப்பு அதிகமானால் விகிதமும் ஏறும் என்றது. அதற்கு மேல் மாநில விற்பனை வரி வேறு. டென்னசியில் மாநில வரியும் உள்ளூர் வரியும் சேர்ந்து சராசரியாக 9 சதவீதத்தைத் தாண்டுகிறது. மொத்தம் 40க்கு மேல் போய்விடும். ஃபேர்டாக்ஸின் கணக்கில் வீட்டு வாடகை, மருத்துவக் கட்டணம், புது வீடு, அரசே வாங்கும் பொருட்கள் என எல்லாம் வரிக்குள் வருகின்றன. வாடகைக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு எந்த உறுப்பினர் அடுத்த தேர்தலுக்குப் போவார்? ஒவ்வொன்றாக விலக்கு கொடுப்பார்கள். ஒவ்வொரு விலக்குக்கும் மிச்சப் பொருட்களின் விகிதம் ஏறும்.

வசூலில் இன்னொரு பலவீனம். இந்த வரி முழுவதும் கடைசிக் கடையில்தான் விழுகிறது. கடைக்காரரும் வாங்குபவரும் பில் வேண்டாம் என்று பேசி முடித்துவிட்டால் 100 டாலர் பொருளுக்கான 30 டாலரும் போச்சு. வியாபாரத்துக்காக வாங்கினால் வரி இல்லை என்பதால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் மடிக்கணினிகூட நிறுவனத்தின் பெயரில் பில் ஆகும். 5, 6 சதவீதத்தில் இந்த ஆசை பெரிதாக வராது. 30, 40இல் வரும். சில்லறை விற்பனை வரியை வைத்திருந்த சுவீடன் 1969இலும் நார்வே 1970இலும் மதிப்புக் கூட்டு வரிக்கு, அதாவது வாட்டுக்கு, மாறின.

வாட்

அதே 100 டாலர் பொருளை எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள்காரர் 40க்கு விற்கிறார், தயாரிப்பாளர் 70க்கு, கடைக்காரர் 100க்கு. ஒவ்வொருவரும் தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டுகிறார். ஏற்கெனவே கட்டப்பட்டதைக் கழித்துக்கொள்ள முந்தையவரின் பில்லைக் காட்ட வேண்டும். கடைசிக் கடைக்காரர் ஏமாற்றினாலும் அரசு இழப்பது 30 டாலர் மதிப்புக்கான வரியை மட்டும், அதாவது அதே 30 சதவீத விகிதத்தில் 9 டாலர். 70 டாலருக்கான வரி முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ஒருவரின் கழிவு அடுத்தவரின் பில்லில் தொங்குவதால் வியாபாரிகளே ஒருவரையொருவர் கண்காணிக்க வேண்டியதாகிறது. பிரான்ஸில் மாரிஸ் லோரே என்ற அதிகாரி வடிவமைத்து 1954இல் தொடங்கிய இந்த முறையை இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் வைத்திருக்கின்றன. இந்தியாவின் ஜிஎஸ்டியும் இந்த வம்சம்தான். பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் 38 நாடுகளில் இது இல்லாத ஒரே நாடு அமெரிக்கா.

ஏற்றுமதியின்போது வாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இறக்குமதிக்கும் உள்நாட்டுப் பொருளுக்கும் ஒரே விகிதம். சுங்கவரியில் முதலாளிக்குக் கசிந்த அந்த 80 டாலர் இங்கே கசியாது.

சரி, வாட்டால் வருமான வரியை முழுக்க ஈடுகட்ட முடியுமா? அமெரிக்க மக்களின் ஆண்டு நுகர்வுச் செலவு சுமார் 20 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகளின் அனுபவத்தில் அதில் பாதி அளவுக்குத்தான் முழு விகிதத்தில் வரி வருகிறது. 10 லட்சம் கோடியிலிருந்து 2.4 லட்சம் கோடி எடுக்க 24 சதவீதம் வேண்டும். ஏழைகளுக்குத் திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்தால் 30ஐ நெருங்கும். ஹங்கேரியில் 27, டென்மார்க்கில் 25 என்று உயர்ந்த விகிதங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த நாடுகளும் வருமான வரியை விடவில்லை. வருமான வரி இல்லாமல் இருக்கும் நாடுகள் எவை என்று பார்த்தால் குவைத், ஐக்கிய அரபு அமீரகம், பஹாமாஸ் என்று வரும். எண்ணெயோ சுற்றுலாவோ அங்கே பில் கட்டுகிறது. அமீரகத்தில்கூட 2018இல் 5 சதவீத வாட் வந்துவிட்டது.

முழுவதுமாக மாற்றாமல் பாதி மாற்றியவர்கள்தான் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நியூசிலாந்து 1986 அக்டோபரில் 10 சதவீத ஜிஎஸ்டியைக் கிட்டத்தட்ட விலக்கே இல்லாமல் கொண்டுவந்தது. 66 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி விகிதம் 1988க்குள் 33 ஆகப் பாதியானது. கீழ்த்தட்டினருக்கு அரசு உதவித்தொகையை உயர்த்தினார்கள். உணவுக்கு விலக்கு, புத்தகத்துக்கு விலக்கு என்று சல்லடையாக்காததால் அது இன்றும் உலகின் மிகச் சுத்தமான நுகர்வு வரிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. விகிதம் மட்டும் இப்போது 15.

யார் தலையில்?

2022இல் அமெரிக்காவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கூட்டாட்சி வருமான வரியில் சுமார் 40 சதவீதத்தைக் கட்டினார்கள். மறுமுனையில், சுமார் 40 சதவீதக் குடும்பங்களுக்கு அந்த வரியே வருவதில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் எல்லாம் தெரியும். ஒரே விகித நுகர்வு வரியில் முதல் கூட்டம் கட்டுவது குறையும், அவர்கள் சம்பாதிப்பதையெல்லாம் செலவழிப்பதில்லை. அடித்தட்டை மாதாந்திரத் திருப்பித் தொகை காப்பாற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேல்தட்டு கட்டாமல் விடும் பணத்தையும் சேர்த்துக் கட்டப்போவது நடுவில் இருப்பவர்கள். வருமானத்தில் ஏறத்தாழ முழுவதையும் வாடகைக்கும் குழந்தைகளுக்கும் செலவழிப்பவர்கள். சுங்கவரியில் இது இன்னும் கூர்மை. சேவைகளுக்குச் சுங்கவரி கிடையாது. செருப்பு, துணி, பொம்மை, வாகன உதிரிபாகம் இவற்றில்தான் விழும்.

முதியவர்கள் விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. வாழ்நாள் முழுக்க வருமான வரி கட்டி, மிச்சத்தைச் சேமித்து, இப்போது அதை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும் ஒருவருக்கு நுகர்வு வரி என்பது அதே பணத்துக்கு இரண்டாவது வரி. பின்னால் வரி இல்லை என்ற வாக்குறுதியை நம்பி, முன்கூட்டியே வரி கட்டி ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டவர்களின் கோபத்தை எந்த அரசியல்வாதியும் எதிர்கொள்ள விரும்பமாட்டார்.

நுகர்வு வரிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சேமிப்பைத் தண்டிக்காத வரி அது. பங்குகளை விற்காமல், அவற்றை அடகு வைத்துக் கடன் வாங்கி வாழும் பெருஞ்செல்வர் வருமான வரியில் தப்பிவிடுகிறார், செலவழிக்கும்போது மாட்டுவார். கணக்கில் வராத வருமானத்துக்கும் அதே கதி. 2022ஆம் ஆண்டுக்கு, கட்ட வேண்டியதற்கும் உரிய நேரத்தில் கட்டியதற்கும் இடையே 69,600 கோடி டாலர் இடைவெளி இருப்பதாக வரித்துறையே மதிப்பிட்டது. செலவின் மேல் ஏறுவரிசை விகிதத்தில் வரி போடலாமே என்ற யோசனையும் பழையது. பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோர் சொன்னதைக் கேட்டு நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி இந்தியாவில் செலவு வரிச் சட்டத்தை 1957இல் கொண்டுவந்தார். 1962இல் எடுத்தார்கள், 1964இல் மீண்டும் போட்டார்கள், 1966இல் மறுபடி எடுத்துவிட்டார்கள். யார் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குப் பார்ப்பது, எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்ப்பதைவிட எளிதில்லை.

அமெரிக்க மாநிலங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். டெக்சஸ், ஃபுளோரிடா உட்பட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. டெக்சஸில் அந்தச் சுமை வீட்டு வரியிலும் 8.25 சதவீதம் வரை போகும் விற்பனை வரியிலும் உட்கார்ந்திருக்கிறது. கன்சாஸ் 2012இல் வருமான வரியை வெட்டியது. வருவாய் சரிந்து, 2015இல் விற்பனை வரியை ஏற்றி, கடைசியில் 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி சட்டமன்றமே பழைய வழிக்குத் திரும்பியது. மிசிசிப்பி 2025இல் படிப்படியாக வருமான வரியை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு தசமப் புள்ளி தப்பான இடத்தில் விழுந்து, செனட் நினைத்ததைவிட வேகமாக வரி குறையும்படி ஆகிவிட்டது. கீழவை அதைத் திருத்தாமல் அப்படியே நிறைவேற்றியது!

இவற்றில் ஒன்றை எடுக்கச் சொன்னால், சட்டப் பேராசிரியர் மைக்கேல் கிரெட்ஸ் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவரும் திட்டத்தை எடுப்பேன். மற்ற நாடுகளைப் போல அமெரிக்காவும் 15 சதவீதத்துக்குள் ஒரு வாட்டைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பணத்தில், சுமார் 1 லட்சம் டாலர் வரை சம்பாதிக்கும் குடும்பங்களை வருமான வரியிலிருந்தே விடுவிக்க வேண்டும். அவர்களுக்குப் படிவம் இல்லை, ஏப்ரல் மாதப் பதற்றம் இல்லை. அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரி தொடரும், ஆகவே மேல்தட்டின் பங்கும் கரையாது. டிரம்ப் வாக்குறுதி கொடுத்தது கிட்டத்தட்ட இந்த முடிவைத்தான். அதற்குச் சுங்கவரியில் இல்லாத பணம் வாட்டில் இருக்கிறது.

இதை எதிர்ப்பவர்களுக்கும் குறைவில்லை. இடதுசாரிகள் வாட்டை ஏழைகளை வாட்டும் வரியாகவும், வலதுசாரிகள் அரசுக்குப் பணம் கொட்டும் இயந்திரமாகவும் பார்ப்பதால்தான் அது வரவில்லை, இருவரும் கருத்தை மாற்றிக்கொண்டால் வந்துவிடும் என்று அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ் கிண்டலாகச் சொன்னதுண்டு. வலதுசாரிகளின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானில் 1989இல் 3 சதவீதமாக வந்த நுகர்வு வரி 5, 8 என்று ஏறி 2019இல் 10ஐத் தொட்டது. அதனால் அமெரிக்காவில் இது வருவதானால் ஒரு நிபந்தனை வேண்டும். வாட் விகிதத்தையும் வருமான வரி விலக்கு வரம்பையும் ஒரே சட்டத்தில் பிணைத்து எழுத வேண்டும். வாட்டை 1 சதவீதம் ஏற்றினால், அதில் வரும் பணத்துக்கு ஈடாக விலக்கு வரம்பும் தானாக உயர வேண்டும். அதை மாற்ற, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்று அரசியலமைப்புத் திருத்தமாகவே எழுதிவிட வேண்டும்.